கலப்பை போன பிறகும் ரயில் நகரவில்லையா? பனிக்காலத் தண்டவாளக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பனிப்புயல் ஓய்ந்து, பனிக்கலப்பை ஒரு தடவை ஓடி முடித்துவிட்டால் பாதை திறந்துவிட்டது என்று அலுவலகத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் போன் அடிக்க ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான். சுவிட்ச் மூடவில்லை, கேட் தூக்கவில்லை, ரயிலே இல்லாத இடத்தில் சிக்னல் சிவப்பு என்று வரிசையாக வரும். தண்டவாளத்தின் மேல் தளர்வாகக் கிடக்கும் பனி பெரும்பாலும் ரயிலை நிறுத்துவதில்லை. சரக்கு எஞ்சினின் முன்தகடே முழங்கால் உயரப் புதுப்பனியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வண்டியை நிறுத்துவது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே சில அங்குல இடுக்கில் போய் இறுகிய பனி. கலப்பையின் தகடு அங்கே எட்டாது. அதனால் எந்தப் புகார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, எந்த இடுக்கு என்பதைத்தான்.

கனடாவில், முக்கியமாக ஒன்டாரியோ பக்கம், குளிர்காலத் தண்டவாளப் பராமரிப்புக்கும் ஒப்பந்தப் பனி அகற்றலுக்கும் புதிதாகச் சேரும் நம் ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பாதை பிரியும் அமைப்பு முழுவதையும் சுவிட்ச் என்றும், அதில் நகரும் கூரான தண்டவாளத்தைப் பாயிண்ட் என்றும், அது போய் ஒட்டும் நிலையான தண்டவாளத்தை ஸ்டாக் ரயில் என்றும் சொல்கிறேன். உங்கள் கம்பெனியின் விதிப்புத்தகம் இதில் எதற்காவது மாறாகச் சொன்னால், விதிப்புத்தகம் சொல்வதைச் செய்யுங்கள்.

## பாதையில் இறங்குவதற்கு முன்

ஆர்டிசி, அதாவது ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவர், எழுத்தில் அனுமதி கொடுக்காமல் பாதையில் கால் வைக்காதீர்கள். புதுப்பனி சத்தத்தை விழுங்கிவிடும். காது மூடிய தொப்பி, முதுகில் பனியை ஊதித் தள்ளும் புளோயர், எதிர்க்காற்று மூன்றும் சேர்ந்தால் பின்னால் எஞ்சின் வந்து நிற்கும்வரை தெரியாது. ஒருவர் வேலை செய்ய ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் இல்லை.

மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச் என்றால் இன்னொன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அமுக்கினால் பாயிண்ட் நகரும். துடைப்பம் மாட்டினால் துடைப்பம் போகும், விரல் மாட்டினால் விரல் போகும். “இந்த சுவிட்சை யாரும் இயக்காமல் பூட்டிவிட்டேன்” என்று ஆர்டிசி சொல்லி, அதை நீங்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

## அறிகுறி: மின் சுவிட்ச் முழுதாக மூடவில்லை

குளிர்காலத்தில் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். சுவிட்சை ஒரு முறை இயக்கிப் பார்க்கச் சொல்லி, தள்ளி நின்று காதைக் கொடுங்கள். மோட்டார் சத்தம் வருகிறதா?

### மோட்டார் ஓடுகிறது, பாயிண்ட் போய் ஒட்டவில்லை

மோட்டார் தன் வேலையைச் செய்கிறது, நடுவில் ஏதோ தடுக்கிறது. எளிதானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலாவது, பாயிண்டுக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் நடுவே இறுகிய பனி. திறந்திருக்கும்போது இந்த இடைவெளி கூர்முனையில் சுமார் நாலே முக்கால் அங்குலம் இருக்கும். அதில் விழும் பனியை ஒவ்வொரு முறை மூடும்போதும் பாயிண்டே அழுத்தி அழுத்திக் கட்டியாக்கிவிடுகிறது. பார்வைக்கு வெள்ளையாக, மெல்லிசாக, ஒன்றுமில்லாதது போல இருக்கும். விரலால் தொட்டால் சிமெண்ட். புளோயர் காற்று இதை ஒன்றும் செய்யாது. சுவிட்ச் துடைப்பத்தின் கைப்பிடி முனையில் இருக்கும் இரும்பு உளியால் குத்திப் பெயர்த்து, பிறகுதான் பெருக்க வேண்டும். கூர்முனையில் மட்டும் சுத்தம் செய்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பாயிண்ட் ஸ்டாக் ரயிலோடு ஒட்டும் நீளம் முழுவதும், பின்பக்கக் குதிகால் வரை போக வேண்டும். முன்னால் பளிச்சென்று சுத்தமாகி, நடுவில் ஒரு கட்டி இருந்தால் பாயிண்ட் அந்த இடத்தில் வளைந்து நிற்கும்.

இரண்டாவது, ரயிலிலிருந்து விழுந்த ஐஸ். சுவிட்சைச் சுத்தம் செய்து, சோதித்து, கிளம்பி அரை மணிகூட ஆகாமல் மறுபடி அழைப்பு வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பெட்டிகளின் அடியில் ஒட்டியிருக்கும் பனிக்கட்டி, சுவிட்சின் மேல் போகும்போது ஏற்படும் குலுக்கலில்தான் உதிரும். அது எங்கே போய் விழும் என்று சொல்லவேண்டியதில்லை. தலையணை அளவுக் கட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் நன்றாக எரிந்தாலும் அவ்வளவு பெரிய கட்டியைக் கரைக்க நேரமாகும். கையால் எடுத்துப் போடுவதுதான் வழி. ஜப்பானில் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயில் பாதையில் செகிகஹாரா பகுதியில் தண்ணீர் தெளித்துப் பனியை ஈரமாக்கி, வேகத்தையும் குறைக்கிறார்கள். வண்டியின் அடியில் ஐஸ் கட்டி, அது அதிவேகத்தில் கழன்று விழுந்து ஜல்லியைச் சிதறடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பாடு.

மூன்றாவது, ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் குழி. பாயிண்டுகளை இழுக்கும் இரும்புக் கம்பிகள் அந்தக் குழிகளில்தான் ஓடுகின்றன. மேலே சுத்தமாகத் தெரியும், கீழே கம்பி ஐஸில் பதிந்திருக்கும். கம்பிக்கு அடியிலும் நாலைந்து அங்குலம் காலியாக இருக்கும்படி அள்ளுங்கள். அள்ளிய பனியைப் பக்கத்துக் குழியில் தள்ளுவது புது ஆட்கள் எல்லாரும் செய்வது. காற்று வீசும் பக்கம் பார்த்து, பாதைக்கு வெளியே தூரமாக எறியுங்கள். குழியில் பனிக்குப் பதில் கண்ணாடி போன்ற கெட்டி ஐஸ் இருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். இன்றைக்குக் கடப்பாரையால் உடைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அந்த இடத்தைக் குறித்து வைத்து, கோடையில் வடிகால் சரிசெய்யச் சொல்லாவிட்டால் அடுத்த ஜனவரியிலும் அதே குழியில் அதே கடப்பாரையோடு நிற்பீர்கள்.

நான்காவது, பாயிண்ட் சறுக்கும் தகடுகள். யாரோ நல்ல எண்ணத்தில் கிரீஸ் பூசி வைத்திருப்பார்கள். மைனஸ் 20 டிகிரியில் கிரீஸ் பிசினாகிவிடும், பனியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுரண்டித் துடைத்துவிட்டு, கம்பெனி அனுமதித்த கிராஃபைட் வகை உலர் மசகை மட்டும் போடுங்கள். சாலையில் போடும் உப்பை சுவிட்சில் கொட்டவே கூடாது. இரும்பை அரிக்கும் என்பது ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தி சிக்னல் சர்க்யூட்டைக் குழப்பும் என்பது பெரிய தலைவலி.

இவ்வளவும் முடித்து இரண்டு பக்கமும் இயக்கிப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் அப்புறம் துடைப்பத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கம்பி வளைந்திருக்கலாம், கலப்பை ஏதாவது ஒன்றை இழுத்துப் போயிருக்கலாம், அளவு மாறியிருக்கலாம். சிக்னல் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

### மோட்டார் சத்தமே இல்லை

உடனே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கையாலும் இயக்கக்கூடிய மின் சுவிட்சுகளில் ஒரு தேர்வு நெம்புகோல் உண்டு. போன புயலில் யாரோ அதைக் கை இயக்கத்துக்கு மாற்றிவிட்டு, திரும்ப மின் இயக்கத்துக்குக் கொண்டுவராமல் போயிருப்பார்கள். அல்லது கொண்டுவந்திருப்பார்கள், ஆனால் ஐஸ் தடுத்து நெம்புகோல் முழுதாக உட்கார்ந்திருக்காது. ஆர்டிசியிடம் சொல்லிவிட்டு அதைப் பாருங்கள், சுற்றியுள்ள பனியை எடுங்கள். பூட்டு மாட்ட முடிகிறதா என்பதுதான் சோதனை. பூட்டு மாட்டவில்லையென்றால் நெம்புகோல் சரியான இடத்தில் இல்லை.

நெம்புகோல் சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால் அது மின்சாரம், பேட்டரி, ஒயர் சம்பந்தப்பட்டது. பெட்டியைத் திறக்காதீர்கள்.

### பாயிண்ட் மூடியிருக்கிறது, ஆனால் மூடியதாகக் காட்டவில்லை

கண்ணுக்கு மூடியது போலத் தெரிவது இயந்திரத்துக்குப் போதாது. பாயிண்ட் உண்மையில் ஒட்டியதா என்று தனியாக ஒரு கம்பி உணர்ந்து சொல்ல வேண்டும். அமெரிக்க விதிப்படி, இயந்திர வகையைப் பொறுத்து கால் அங்குலமோ எட்டில் மூன்று அங்குலமோ நெருங்கி வராத பாயிண்டை மூடியதாகக் காட்டக் கூடாது. கால் அங்குல ஐஸ் தகடு ஒன்று ஸ்டாக் ரயிலின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தாலே போதும். டார்ச்சைப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், நிழல் காட்டிக்கொடுக்கும். உளியால் சுரண்டுங்கள். உணரும் கம்பியைச் சுற்றியுள்ள பனியையும் எடுங்கள், ஆனால் கம்பியைத் தட்டாதீர்கள், நெம்பாதீர்கள், நட்டைத் திருகாதீர்கள். “கொஞ்சம் தட்டினால் விளக்கு வந்துவிடும்” என்று சொல்பவர் கிடைப்பார். தட்டி வந்த விளக்கை நம்பி ஒரு ரயில் போகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே சிக்னல் ஆள்தான் வேண்டும், வேறு யாரும் உதவ மாட்டார்கள்.

## அறிகுறி: ஹீட்டர் இருக்கிறது, சுவிட்சில் பனியும் இருக்கிறது

ஒவ்வொரு ஜனவரியிலும் சிகாகோவில் தண்டவாளம் தீப்பிடித்து எரிவதாகப் படங்கள் சுற்றும். 2019 கடுங்குளிரில் நம்மூர் வாட்ஸாப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே எரிவது சுவிட்சை ஒட்டிப் பொருத்திய வாயு ஹீட்டர்தான். கனடாவிலும் வாயு ஹீட்டர், சூடான காற்றைக் குழாயில் ஊதுவது, தண்டவாளத்தோடு ஒட்டிய மின் கம்பி என்று மூன்று வகையும் உண்டு.

ஓடவே இல்லையா? பனி உணரும் கருவியைப் பாருங்கள். அதன் மேலேயே பனி மூடி ஐஸ் கட்டிவிட்டால் குழம்பிப்போய் ஹீட்டரை நிறுத்திவிடும். மெதுவாகத் துடைத்தால் பல நேரம் அதுவே போதும். ஆர்டிசி தொலைவிலிருந்து இயக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

வாயு வகையில் பிழம்பு சிறிதாகி அணைகிறதா? முதலில் டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அளவு இருந்தும் பிழம்பு சோர்ந்தால் குளிர்தான் காரணம். புரோபேன் மைனஸ் 42 டிகிரியில்தான் கொதிக்கும். மைனஸ் 30-ஐ நெருங்கும்போது டாங்கின் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும், வாயுவை வேகமாக இழுக்க இழுக்க டாங்க் இன்னும் குளிரும். டாங்கைச் சூடாக்குகிறேன் என்று டார்ச் பிழம்பைக் காட்டும் வேலையெல்லாம் வேண்டாம். சப்ளை செய்பவரைக் கூப்பிடுங்கள். வாயு வாசனை வந்தால் தள்ளிப் போய்விட்டுக் கூப்பிடுங்கள்.

காற்று ஊதும் வகையில் சத்தம் கேட்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் பனி என்றால் குழாய் கழன்றிருக்கும். கலப்பை போன தடத்தைப் பாருங்கள், குழாய் எங்காவது பக்கத்தில் பள்ளத்தில் கிடக்கும். மின்கம்பி வகையில் ஒரு நீளம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அந்தக் கம்பி செத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வரும்வரை துடைப்பம்தான்.

ஹீட்டர் நன்றாக வேலை செய்யும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. உருகிய தண்ணீர் ஓடிப்போய் ஹீட்டர் முடியும் இடத்தில் மறுபடி உறையும். சுவிட்சின் குதிகால் பக்கம் ஐஸ் மேடு கட்டுவது அதனால்தான். சூடாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

## அறிகுறி: கையால் இழுக்கும் சுவிட்ச் அசையவில்லை

யார்டுகளிலும் தொழிற்சாலைப் பக்கப் பாதைகளிலும் இது தினசரி விவகாரம். பூட்டு உறைந்திருந்தால் பூட்டுக்கான ஐஸ் கரைப்பான் விடுங்கள். கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினால் அஞ்சு நிமிஷம் வேலை செய்யும், அப்புறம் பூட்டு முழுதாக ஒரே ஐஸ் உருண்டை.

நெம்புகோல் தூக்க வரவில்லை என்றால் அதன் அடியிலும், மிதி தாழ்ப்பாளிலும் இருக்கும் ஐஸை உடையுங்கள். பாதி தூரம் வந்து நிற்கிறது என்றால் தடை சுவிட்சுக்குள் இருக்கிறது. மேலே சொன்ன அதே வரிசையில் பாயிண்ட், குழி, தகடு பாருங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள். உறைந்த நெம்புகோலோடு மல்லுக்கட்டி முதுகு பிடித்து வீட்டில் படுத்தவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து தொங்கி இழுத்தால் சில நேரம் நெம்புகோல் பூட்டிக்கொள்ளும், பாயிண்ட் மட்டும் ஒட்டாமல் நிற்கும். இது எல்லாவற்றையும் விட மோசம். இழுத்து முடித்ததும் நடந்து போய் பாயிண்ட் ஒட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டிக்குக் கை காட்டுங்கள்.

## அறிகுறி: லெவல் கிராசிங்கில் சக்கரம் ஏறுகிறது, குலுங்குகிறது

சாலையும் பாதையும் வெட்டும் இடத்தில் சக்கர விளிம்பு ஓட ஒரு பள்ளம் இருக்கும். கனடாவின் விதிமுறை அதற்குக் குறைந்தது 65 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம் கேட்கிறது. லாரி டயர்கள் பனியை அதில் மிதித்து இறுக்கும். நகராட்சி வண்டி உப்பும் மணலும் போடும். பகலில் உருகும், ராத்திரி உறையும். நாலு நாளில் கான்கிரீட் மாதிரி ஆகிவிடும். சரக்கு எஞ்சின் தன் எடையால் இதை நசுக்கிக்கொண்டு போய்விடலாம். தண்டவாளத்தில் ஓடும் பராமரிப்பு டிரக், அதாவது ஹைரெயில் வண்டி, இலகுவானது. அதன் சிறிய சக்கரம் அப்படியே ஐஸ் மேல் ஏறி வெளியே இறங்கிவிடும். குளிர்காலத்தில் ஹைரெயில் தடம்புரள்வது பெரும்பாலும் கிராசிங்கில்தான்.

ரயில்கள் வழக்கமாக ஓடும் பாதை, பள்ளத்தில் மெல்லிய பனி என்றால் நிறுத்தி, உளியால் இரண்டு தண்டவாளத்தின் உள்பக்கமும் சுத்தம் செய்துவிட்டு நடக்கும் வேகத்தில் கடந்துவிடலாம்.

வாரத்துக்கு ஒரு ரயில் வரும் கிளைப்பாதை, சாலையில் லாரி ஓட்டம் அதிகம் என்றால் நம்பவே வேண்டாம். இறங்கிக் கடப்பாரையைப் பள்ளத்தில் விட்டு ஆழம் பாருங்கள். 50 மி.மீ. இறங்கவில்லையென்றால் கடக்காதீர்கள். ஐஸ் கெட்டியாகச் சாலை மட்டம் வரை வந்திருந்தால் கையால் உடைத்து மாளாது, பேக்ஹோ என்ற தோண்டும் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். கிராசிங் பலகைகளும் ரப்பர் பட்டைகளும் எங்கே இருக்கின்றன என்று அந்த ஓட்டுநருக்குக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஐஸோடு சேர்த்துப் பெயர்த்துவிடுவார்.

எஞ்சினே குலுங்கியதாக டிரைவர் சொன்னால், அடுத்த ரயிலை விடாமல் நிறுத்தச் சொல்லிப் பாதை ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ரயில் இல்லை, ஆனால் கேட் இறங்கி நிற்கிறது அல்லது சிக்னல் சிவப்பு

தண்டவாளங்களில் ஓடும் மெல்லிய மின்சாரத்தைச் சக்கரங்கள் இணைப்பதை வைத்துத்தான் சர்க்யூட் ரயில் இருப்பதை அறிகிறது. இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் உப்புச் சகதி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மின்சாரம் கசிந்து, அங்கே ரயில் நிற்பதாக சர்க்யூட் நினைத்துக்கொள்கிறது. கிராசிங் பக்கம் சகதியை வழித்தெடுத்தால் பல நேரம் கேட் தானாகத் தூக்கும். அடுத்து, கலப்பை அறுத்துப்போட்ட ஒயர். தண்டவாள இணைப்புகளின் பக்கவாட்டில் தொங்கும் ஒயர் தெரிந்தால் தொடாமல் சிக்னல் ஆளிடம் சொல்லுங்கள்.

ஆனால் கடுங்குளிரில் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். தண்டவாளம் உடைந்திருந்தாலும் இதே சிவப்புதான் வரும். நீளமாக வெல்டிங் செய்த தண்டவாளத்தைக் கோடை வெயிலைத் தாங்கும்படி 30 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைக்குப் பொருத்தியிருப்பார்கள். அது மைனஸ் 30-க்கு இறங்கும்போது, கட்டுப்பாடில்லாமல் விட்டால் கிலோமீட்டருக்கு சுமார் 70 செ.மீ. சுருங்கும். சுருங்க விடாமல் பிடித்து வைத்திருப்பதால் அந்த இழுவிசை முழுவதும் இரும்புக்குள்ளேயே நிற்கும். பலவீனமான வெல்டிங்கிலோ போல்ட்டிலோ விட்டுப்போகும். ஆகவே மைனஸ் 20-க்குக் கீழே என்றால், நடந்து பார்த்து முடிக்கும்வரை உடைப்பு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய தண்டவாளத்தில் விரிசல் ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. துருவோ ஐஸ் படலமோ மூடிய தண்டவாளத்தில் இலகுவான வண்டி போனால் சர்க்யூட் அதைக் காணாமல் போகலாம், கேட் இறங்காது. அதிகம் ரயில் ஓடாத பாதையில் புயலுக்குப் பிறகு முதல் வண்டி கிராசிங்குக்கு முன் நின்று, ஆள் இறங்கிச் சாலையை நிறுத்திவிட்டுத்தான் கடக்க வேண்டும். “கேட் இறங்காமல் ரயில் வந்தது” என்று யாராவது சொன்னால் அதில் ஆராய்ச்சி எதுவும் செய்யாமல் உடனே ஆர்டிசியிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி: கலப்பையே மேலே ஏறுகிறது, தடம் விட்டு இறங்குகிறது

ஆப்பு வடிவக் கலப்பை வேகத்தை நம்பி வேலை செய்வது. தளர்ந்த பனியில் அது அழகாக இருக்கும். காற்று அடித்து இறுக்கிய மேடு வேறு ஜாதி. மேலே நடந்தால் கால் புதையவில்லை என்றால் கலப்பை அதை வெட்டாது, அதன் மேல் ஏறும். வெட்டுப்பாதைகளில், அதாவது மேட்டை வெட்டிப் போட்ட பாதைகளில், முக்கியமாக வளைவில், பனி ஒரு பக்கம் மட்டும் சரிவாக நிற்கும் இடம் இன்னும் ஆபத்து. கலப்பையை அது பக்கவாட்டில் தள்ளும்.

மேடு ஆள் உயரத்துக்குள், நீளமும் குறைவு என்றால் பழைய முறைதான். கலப்பை போவதற்கு முன்னால் ஆட்கள் போய், குறுக்கே வாய்க்கால் வெட்டுவது போல இடைவெளி விட்டுப் பனியை வெட்டி எடுப்பார்கள். பனி தனித்தனிக் கட்டிகளாக நிற்கும், முகம் செங்குத்தாக இருக்கும். கலப்பை ஏறாமல் கடிக்கும். இப்போது அதை பேக்ஹோ செய்கிறது.

மேடு பனியாக இல்லை, கிராசிங்கில்தான் கலப்பை ஏறியது என்றால் மேலே உள்ள லெவல் கிராசிங் தலைப்புக்குப் போங்கள். ஐஸ் அடைத்த பள்ளம்தான் காரணமாக இருக்கும்.

தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கிச் சுரண்டும் தகடு எதிலாவது மோதியதா? கிராசிங், சுவிட்ச், பாலத்தின் காவல் தண்டவாளம் எல்லா இடத்திலும் அதைத் தூக்க வேண்டும். பாதையோரம் அதற்கான பலகைகள் இருக்கும், புயலில் அவையும் புதைந்துவிடும். அதனால் பாதையை மனப்பாடமாகத் தெரிந்த ஃபோர்மேனைத்தான் கலப்பையில் ஏற்ற வேண்டும். பனித்தூசி முன்கண்ணாடியை மூடும்போது வெளியே எதுவும் தெரியாது. மைல்கல்லும் கைக்கடிகாரமும் வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட வேண்டும்.

கலப்பையின் பக்க இறக்கை மடங்கவில்லை என்றால் முதலில் காற்றுக்குழாயில் தண்ணீர் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள், காற்று டாங்கை வடித்துவிடுங்கள். பிறகு கீல் முளையில் ஐஸ். இரண்டும் இல்லையென்றால் சிலிண்டர், அதற்கு மெக்கானிக். இறக்கை விரிந்த நிலையில் மாட்டிக்கொண்டால் ஒரு அடிகூட நகராதீர்கள். சிக்னல் கம்பம், பாலத்தூண் எல்லாம் அது வெட்டும் தூரத்தில்தான் நிற்கும்.

## அறிகுறி: எஞ்சின் இழுக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை

பாதை ஆட்களுக்கு இதில் வேலை குறைவு, ஆனால் நம்மைத்தான் முதலில் திட்டுவார்கள் என்பதால் சுருக்கமாக.

சக்கரம் வழுக்குகிறது என்றால், பிடிப்புக்காக எஞ்சின் தண்டவாளத்தில் தூவும் மணல் வருகிறதா பாருங்கள். ஈரமான மணல் குழாயில் உறைந்திருக்கும். மோட்டார் அடிக்கடி துண்டித்துக்கொள்கிறது என்றால் பொடிப்பனி உள்ளே போய் உருகியிருக்கும். 1991 பிப்ரவரியில் பிரிட்டனில் இதே பொடிப்பனியால் ரயில்கள் நின்றபோது “தப்பான ரகப் பனி” என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 2009 டிசம்பரில் பிரிட்டனையும் பிரான்சையும் இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் ஐந்து யூரோஸ்டார் ரயில்கள் நின்றுபோனதும், வெளியே ஓடும்போது உள்ளே புகுந்த பனி சுரங்கத்தின் வெதுவெதுப்பில் உருகி மின்கருவிகளை நனைத்ததால்தான். கேலி செய்தவர்கள் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் சொன்னதாக ஞாபகமில்லை. எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்புவதுதான் தீர்வு.

பிரேக்கில் பனி, கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இறுகும். ஓட்டுநர்கள் இடையிடையே லேசாகப் பிடித்துச் சூடாக்கிக்கொள்வது அதனால்தான். மைனஸ் 25-க்குக் கீழே காற்றுக் கசிவும் சேர்ந்துகொள்ளும். கனடாவில் அந்தக் குளிரில் சரக்கு ரயில்களின் நீளத்தைக் குறைக்கிறார்கள். 2019 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபீல்ட் அருகே, மைனஸ் 28 டிகிரியில், மலைச்சரிவில் நிறுத்தி வைத்திருந்த சரக்கு ரயில் தானாக உருண்டு தடம்புரண்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். குளிரில் பிரேக் சிலிண்டர்களில் ஏற்பட்ட கசிவை விசாரணை சுட்டிக்காட்டியது. ஓட்டுநர் “பிரேக் சரியில்லை” என்றால் வாக்குவாதம் வேண்டாம்.

## அறிகுறி: வெட்டுப்பாதை முழுதும் அடைந்துவிட்டது, அல்லது பனிச்சரிவு

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பனியின் நிறம். சுத்த வெள்ளையா, கலப்பையின் உயரத்தைத் தாண்டிவிட்டதா? சுழல் கலப்பை வேண்டும். முன்னால் பெரிய விசிறி போலச் சுழன்று பனியை வெட்டித் தூரமாக வீசும் இந்த இயந்திரம் ஒன்டாரியோவில் பிறந்தது. 1869-இல் டொராண்டோ பல் மருத்துவர் ஜே.டபிள்யூ. எலியட் முதல் வடிவத்தைக் காப்புரிமை செய்தார், ஆரஞ்ச்வில்லைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் அதை மேம்படுத்தினார், லெஸ்லி சகோதரர்கள் கட்டினார்கள். இன்றைக்கு வட அமெரிக்காவில் சில இடங்களில்தான் மிச்சம். கலிஃபோர்னியாவின் டானர் கணவாய்க்காக யூனியன் பசிஃபிக் இன்னும் வைத்திருக்கிறது. வரவழைக்கச் செலவும் நேரமும் அதிகம். அதனால் புல்டோசரால் முடியுமா என்று முதலில் கேட்பார்கள். அது சரியான கேள்விதான்.

பனியில் மண், கிளை, பாறை கலந்திருக்கிறதா? அது சரிந்து வந்தது. சுழல் கலப்பை அதில் தன் கத்தியை உடைத்துக்கொள்ளும். எக்ஸ்கவேட்டர்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், எல்லாரையும் அங்கிருந்து வெளியேற்றுங்கள். ஒரு சரிவு வந்த இடத்தில் அடுத்ததும் வரும். 1910 மார்ச் 4 இரவு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ராஜர்ஸ் கணவாயில் முதல் சரிவை அகற்றிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இரண்டாவது சரிவு இறங்கி 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். மூன்று நாள் முன்னதாக, மார்ச் 1 அன்று, அமெரிக்காவின் வெலிங்டனில் நின்றுகொண்டிருந்த ரயில்களைச் சரிவு அடித்துப்போய் 96 பேர் போனார்கள். ராஜர்ஸ் கணவாயில் இப்போது கனடிய ராணுவம் பீரங்கி வைத்துச் சுட்டு, பனி பெரிதாகச் சேர்வதற்கு முன்பே இறக்கிவிடுகிறது. மலைப்பாதையில் பனிச்சரிவு நிபுணர் “போகலாம்” என்று சொல்லும்வரை துடைப்பம், கடப்பாரை, இயந்திரம் எதுவும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

## கூப்பிடும்போது சொல்ல வேண்டியது

பாதைப் பிரிவின் பெயர், மைல் எண், சுவிட்சின் பெயர். எந்தப் பக்கப் பாயிண்ட், எவ்வளவு இடைவெளி. வெப்பநிலை, காற்று. நீங்கள் எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள், எதைத் தொடவில்லை. கை இயக்கத்துக்கு மாற்றியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலையோ கையுறையையோ வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சுவிட்ச் சம்பந்தப்பட்டது என்றால் ஹீட்டர் ஓடுகிறதா இல்லையா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சிக்னல் ஆளை அனுப்புவதா, எலக்ட்ரீஷியனையா, வாயு டாங்கரையா என்று மறுமுனையில் இருப்பவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.